ஐந்து மணிக்குத் தியானம், எட்டு மணிக்குக் கத்தல்

கேள்வி: ஜனவரி 6, மாலை 6.20

ஏழு மாதமாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து முக்கால் மணி நேரம் தியானத்தில் உட்காருகிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் எட்டு மணிக்குள் பிள்ளைகளிடம் ஒரு முறையாவது கத்தியிருப்பேன். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள். எனக்கு 200 நாள் தாண்டிவிட்டது. நேற்று மனைவி சொன்னாள்: "நீங்க உட்காராம தூங்கினாலே வீட்டுக்கு நல்லது." நற்குணம் பயிற்சியில் வருவதா, இல்லை பிறக்கும்போதே இருந்தால்தான் உண்டா?

ஜனவரி 6, இரவு 10.15

முதலில் அந்த 21 நாளைத் தூக்கிப் போடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு அது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னதை மூக்குக்கு மேல் வரும் கோபத்துக்கும் பொருத்திவிட்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி: நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதுவும் தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற விஷயங்களுக்கு. பொறுமைக்கு யாரும் நாள் கணக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்புறம், உங்களுக்குப் பழக்கம் வரவில்லை என்று யார் சொன்னது? வந்திருக்கிறது. உட்காரும் பழக்கம். 200 நாள் உட்கார்ந்தீர்கள், உட்காருவது கைவந்துவிட்டது. பொறுமைக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள்? வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் வீடு கட்டுகிறவன் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ் வாசிப்பவன் ஆகிறான், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறான் என்றார் அரிஸ்டாட்டில். உட்கார்ந்து உட்கார்ந்து பொறுமைசாலி ஆகலாம் என்று அவர் சொல்லவில்லை.

கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ? இதே கோளாறு எனக்கும் உண்டு, அதனால்தான். அந்தக் கதை பிறகு.

ஜனவரி 7, காலை 7.05

உங்கள் மனைவி சொன்னதை எழுதித் தியானம் செய்யும் இடத்திலேயே ஒட்டி வையுங்கள். எந்தக் குருவும் இவ்வளவு சுருக்கமாக உபதேசம் செய்யமாட்டார்.

ஜனவரி 9, இரவு 11.30

சரி, கதை.

என் அப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். காது மந்தம். ஞாபகமும் தேய்ந்துகொண்டு வருகிறது. இரவு படுத்ததும் "கதவைப் பூட்டியாச்சா?" என்று கேட்பார். பூட்டியாச்சுப்பா என்பேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை வரை என் குரல் மாறாது. நான்காவதில் மாறும். ஐந்தாவதில் பதிலே மாறிவிடும்: "எத்தனை தடவைதான் சொல்றது?" அவர் ஒன்றும் பேசமாட்டார். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் அப்படியே போய்ப் பிரார்த்தனைக்கு உட்காருவேன். இருபது வருடப் பழக்கம், விட மனசு வருமா?

ஒருநாள் அப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பிரார்த்தனை இல்லை, ஒரு வழக்கு. 'ஐந்து தடவை கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது' என்று வாதம். வாதி நான், வக்கீல் நான், நீதிபதியும் நான். தீர்ப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் நோட்டு வாங்கினேன். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளம் வயதில் 13 நற்குணங்களைத் தானே யோசித்துப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டு ஒன்றில் குணத்துக்கு ஒரு வரிசை, கிழமைக்கு ஒரு கட்டம் என்று கோடு கிழித்து, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே ஒரு வரிசை, அதற்குத் தலைப்பு 'அப்பா'. குரல் உயர்ந்தால் ஒரு புள்ளி.

முதல் வாரம் 19 புள்ளி. அதற்கு முன்பு யாராவது கேட்டிருந்தால், வாரத்துக்கு மூன்று நான்கு தடவை சுள்ளென்று பேசுவேன், அவ்வளவுதான் என்று சத்தியமே செய்திருப்பேன். நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் மலிந்து கிடப்பதைப் பார்த்து ஃபிராங்க்ளினும் திகைத்துப்போனாராம். அவருக்கு 13 வரிசை. எனக்கு ஒரு வரிசைக்கே தாங்கவில்லை.

ஜனவரி 10, காலை 6.50

திருத்தம். '13 நற்குணங்களைத் தானே யோசித்து' என்றேன். பன்னிரண்டுதான் அவர் யோசித்தது. உனக்குத் தலைக்கனம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள் என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே பதின்மூன்றாவதாகப் பணிவு வந்து சேர்ந்தது. கடைசியில் அதைப் பற்றி அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்: செருக்கை முழுதாக வென்றுவிட்டதாக நினைத்தாலும், என் பணிவை எண்ணிச் செருக்கு வந்துவிடும் என்று.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் அவரை அதிகம் படுத்தியது 'ஒழுங்கு'. பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை அதனதன் நேரத்தில் செய்வது. என் மேசையைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று புரியும்.

ஜனவரி 14, இரவு 10.40

'புள்ளி வைத்தால் கோபம் குறைந்துவிடுமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குறையவில்லை. நான்காவது வாரம் 17. இரண்டு புள்ளிக் குறைவை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் அப்போது கையில் என்ன இருந்தது என்று ஒரு சொல் எழுத ஆரம்பித்தேன். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஃபோன். ஃபோன். கணக்கு. ஃபோன். நாளைக்கான வேலை. ஃபோன். கையில் ஒன்றும் இல்லாத இரவுகளில் அவர் ஏழு தடவை கேட்டும் புள்ளி இல்லை.

இதைப் பார்த்ததும் 1973-ல் வெளியான ஒரு சோதனை ஞாபகம் வந்தது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை வைத்துச் செய்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று அனுப்புகிறார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு இருக்கிறார். அவர் இவர்களே ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். பேசப்போகும் தலைப்பு சமாரியனா வேறு எதுவோ என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச ஓடிய சிலர் அந்த ஆளைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போயிருக்கிறார்கள்.

சிரிப்பு வரவில்லை எனக்கு. நான் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் அப்பாவைத் தாண்டிப் போனவன்.

என்ன செய்தேன் என்றால், ஒன்பதரை மணிக்கு ஃபோனை அடுத்த அறை மேசை இழுப்பறையில் போட்டு மூட ஆரம்பித்தேன். அந்த வாரம் 6 புள்ளி. இருபது வருடப் பிரார்த்தனை செய்யாததை ஓர் இழுப்பறை செய்துவிட்டது. கேள்வி கேட்டவரே, உங்கள் வீட்டில் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் குறைவது பொறுமையாக இருக்காது, இருபது நிமிடமாக இருக்கும்.

ஜனவரி 15, இரவு 9.10

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

'அவசரம்தான் காரணம் என்றால், அதே அவசரத்தில் உங்கள் மேலதிகாரி ஐந்து தடவை ஒன்றையே கேட்டால் கத்துவீர்களா?' என்று காலையில் ஒருவர் கேட்டுவிட்டார். நாள் முழுக்கப் பதில் தேடினேன். கத்தமாட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டு ஆறாவது தடவையும் சொல்வேன்.

'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்.' வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள். தன் கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார் வள்ளுவர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது இரண்டு மதிப்பெண். இப்போது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. என்னால் அடக்க முடியும், தினமும் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அடக்குகிறேன். அப்பாவிடம் அடக்காததற்குக் காரணம், அங்கே எனக்கு ஒன்றும் ஆகாது என்பது. அவசரம் கதவைத்தான் திறந்துவிடுகிறது. உள்ளே நுழைவது இந்தத் தைரியம்.

ஜனவரி 15, இரவு 9.25

இழுப்பறை மட்டும் அப்படியே இருக்கட்டும். அதை வாபஸ் வாங்கவில்லை.

ஜனவரி 22, காலை 8.30

இரவில் தன்னைத்தானே விசாரிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ரொம்பப் பழைய பழக்கம் அது. பழைய ரோமில் செனெகா என்ற தத்துவஞானி, விளக்கை எடுத்துப் போன பிறகு, மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் ஒன்றையும் மறைக்காமல் திரும்பப் பார்ப்பாராம். இன்று எந்தக் கெட்ட பழக்கத்துக்கு மருந்து போட்டாய், எதை எதிர்த்து நின்றாய் என்று கேட்டுக்கொண்ட செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லயோலா, ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, மதியம் ஒரு முறை இரவு ஒரு முறை எண்ணிப் பார்த்துக் கோட்டின் மேல் புள்ளி வைக்கச் சொன்னார். நான் ஃபிராங்க்ளினிடம் கற்றதாக நினைத்த புள்ளி அவருக்கு இருநூறு வருடம் மூத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விசாரிக்கும் குரல். செனெகா தன்னிடம் சொல்லிக்கொள்வது இதுதான்: இனிமேல் இதைச் செய்யாதே, இந்தத் தடவை உன்னை மன்னிக்கிறேன். அவ்வளவே. நான் தொடங்கிய புதிதில் போலீஸ் மாதிரி விசாரித்தேன். 'நீயெல்லாம் ஒரு பிள்ளையா' என்கிற ரகம். அரை மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டு படுத்தால், விடியும்போது கணக்குத் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். திட்டியாயிற்றே, இனி என்ன? மறுநாள் ராத்திரி மறுபடி கத்துவேன். சுயவெறுப்பு என்பது அபராதம் கட்டிவிட்டு அதே சிக்னலை மறுபடி தாண்டுகிற வேலை என்று புரியவே எனக்கு நாலைந்து மாதம் ஆயிற்று.

இப்போது மூன்றே வரி. எங்கே நடந்தது. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. நாளைக்கு யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது வரி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் டைரி.

பிப்ரவரி 3, இரவு 11.50

இன்று நடந்ததை எழுதலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். ('ஒழுங்கு' என்று ஒரு குணம் இருந்ததே.) சாயங்காலம் வந்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே 'அப்பா' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கீழே கட்டம், கட்டத்தில் புள்ளி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இதெல்லாம் நான் சாப்பிட வேண்டிய மாத்திரையா? செவ்வாய்க்கிழமை நாலு போட்டிருக்கே, அவ்வளவா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். நான் உங்களிடம் கத்தினதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்ப்பா என்று. காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன். மன்னிப்பு கேட்பதைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சின்னப் பையனா இருக்கிறப்ப நான் எழுதி வைக்கலை" என்றார். "வெச்சிருந்தா இந்த நோட்டு பத்தாது."

பிப்ரவரி 4, காலை 6.15

நேற்றையதற்கு ஒரு பின்குறிப்பு. அவரிடம் சொல்லும்போது ஓர் இடத்தில் 'தப்புதான்ப்பா, ஆனா' என்று ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளை, அது அவர் காதில் விழவில்லை. மந்தமான காதுக்கும் சில சமயம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஆனா'வுக்குப் பிறகு வருவதெல்லாம் அந்தப் பழைய வழக்கேதான். மேல்முறையீடு.

பிப்ரவரி 11, மதியம் 1.40

தலையணையைக் குத்தினால் கோபம் வடிந்துவிடும் என்று எழுதியவருக்கு: வடியாது. பிராட் புஷ்மன் என்பவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களைவிட, ஒன்றுமே செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தவர்கள் குறைவான கோபத்தோடு இருந்தார்கள். கோபத்துக்குச் சிறந்த மருந்து தாமதம் என்று செனெகாவும் சொல்லிவிட்டார். தலையணை பிழைத்துப்போகட்டும்.

பிப்ரவரி 20, இரவு 10.05

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், பொதுவில் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டார். ஏழரை மணி ரகளையைக் கவனித்தாராம். ஐந்து மணிக்கு எழுபவர் ஆறு மணிக்கெல்லாம் வேலையில் மூழ்கி, ஏழரைக்குப் பிள்ளைகள் பக்கம் வரும்போது அவர்களுக்குக் காலுறை ஒன்று காணோம், நோட்டில் கையெழுத்து இல்லை, வண்டி வர எட்டு நிமிடம். இப்போது தியானம் அரை மணி நேரம்தான், மிச்சக் கால் மணி நேரம் காலுறை தேடப் போகிறது.

ஆனால் அவர் எழுதியதில் என்னை நிறுத்தியது வேறொன்று. மூன்றாவது மாதம் ஒரு விடியலில் சின்னவள் கனவு கண்டு அழுதிருக்கிறாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்தால் அன்றைய கணக்கு விட்டுப்போகும். 'ஒரு நாள்கூடத் தவறவில்லை' என்று கேள்வியில் எழுதினீர்களே, அந்த ஒரு நாள் தவறியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். நான் முதலில் சொன்ன லாலி ஆய்விலேயே இதுவும் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் ஒன்றும் கலைந்துவிடவில்லை. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நம்மைப் பயமுறுத்துவது எது என்று யோசித்தேன். என் நோட்டைப் பார்த்தேன். புள்ளியில்லாத வாரம் ஒன்று வந்தால் அதைப் படம் எடுத்து இங்கே போட வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

கடவுளை விட்டுவிட்டு இழுப்பறை, காலுறை என்று பேசுகிறீர்களே என்று ஒரு அம்மா வருத்தப்பட்டிருக்கிறார். விடவில்லை அம்மா. இப்போதும் உட்காருகிறேன். முன்பு பொறுமை கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு முடிந்ததும், கொடுத்தாகிவிட்டது போன்ற மிதப்பில் எழுந்து வருவேன். இப்போது எதுவும் கேட்பதில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் 'ஆனா' போட முடிவதில்லை. என் அனுபவத்தில் பிரார்த்தனையால் வந்த ஒரே பலன் அதுதான். பெரிய பலன் என்றுகூடச் சொல்வேன்.

பிப்ரவரி 21, காலை 7.30

'ஒரே பலன்' என்று சொன்னது மிகை. வேறு பலனும் இருக்கலாம். இன்னும் புள்ளிக்கு வரவில்லை.

மார்ச் 2, இரவு 10.30

போன வாரம் 4. இந்த வாரம் 9. காரணம் எழுதிப் பார்த்தேன், ஃபோன் இல்லை, வேலை இல்லை. ஒரு கல்யாண விஷயத்தில் அண்ணனோடு மனத்தாங்கல், அதை அப்பா மேல் இறக்கியிருக்கிறேன். ஆக, கையில் ஒன்றும் இல்லாவிட்டால் புள்ளி இல்லை என்று ஜனவரி 14-ல் நான் கண்டுபிடித்த தத்துவமும் முழுசாக நிற்கவில்லை. மனசிலும் ஏதாவது வைத்திருக்கலாம் போலிருக்கிறது.

இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பூட்டியாச்சு என்று வாயால் சொல்வதற்குப் பதில், மூன்றாவது தடவை கேட்டால் அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவரே பூட்டை இழுத்துப் பார்க்கிறார். திரும்பி வந்து படுத்ததும் பெரும்பாலும் கேட்பதில்லை. இதில் குணம் எதுவும் இல்லை, பதினைந்து அடி நடை. எத்தனையோ வருடம் இது தோன்றவில்லை, நான் பதில் சொல்வதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

நேற்று நள்ளிரவில் நான் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. எனக்கே சந்தேகம்.

மார்ச் 3, காலை 6.40

நோட்டு எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டவருக்கு: சட்டைப்பையில் அடங்குகிற அளவு. ஏற்கெனவே கட்டம் போட்டு விற்பது வேண்டாம், கட்டத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றும். மேலே யார் பெயரையும் எழுதாதீர்கள். எழுதினால் கண்ட இடத்தில் வைக்காதீர்கள்.